எங்களைத்தான் காணோம்

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறார். ஒளிப்பதிவு படிக்க வேண்டும் என்றேன். "கேமரா தூக்க ஆண்பிள்ளைத் தோள் வேண்டும்" என்று மாமா தடுக்கிறார். சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் பெண்கள் இந்த வேலையில் நிலைக்க முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். பி.ஆர். விஜயலட்சுமி, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து, 1985இல் வந்த 'சின்ன வீடு' படத்தில் ஒளிப்பதிவாளரானார். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வார்கள். அது படச்சுருள் காலம். ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். எடுத்தது சரியா என்பது லேபில் கழுவிய பிறகுதான் தெரியும். அதுவரை ஒளிமானியும் கண்ணும்தான் துணை. பின்னாளில் தொலைக்காட்சியிலும் வேலை செய்தார், படமும் இயக்கினார். 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர்' படத்துக்கு ஃபௌசியா பாத்திமா ஒளிப்பதிவு செய்தார். மாமாவின் எண்ணம் உங்கள் ஊருக்கு மட்டும் உரியதென்று நினைக்காதே. ஆஸ்கரில் ஒளிப்பதிவுக்கு ஒரு பெண் பரிந்துரைக்கப்பட 2018 வரை ஆயிற்று.

எடையைப் பற்றி உன் மாமா பேசலாமா? விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையில் பாசி பறித்து, நனைந்த மூட்டையைக் கரை சேர்ப்பவர் அவருடைய அக்கா. கேமராவுக்காவது உடன் தூக்க உதவியாளர்கள் உண்டு. உண்மையான சுமை வேறு இடத்தில் இருக்கிறது. வெளிப்புறப் படப்பிடிப்பில் பெண்களுக்குக் கழிப்பறை இராது. நள்ளிரவில் வேலை முடிந்தால் வீடு திரும்ப வண்டி இராது. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கத் தயங்கிய ஆண்டுகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றுக்காக முதன்முதலில் தனுஷ்கோடிக்கு வந்தேன். பாசி எடுத்துத் திரும்பும் பெண்களை உச்சிவெயிலில் எடுத்தேன். அங்கே மணலும் ஒரு விளக்குதான்; கீழிருந்து கண்ணைக் கூசவைக்கும். மணலும் கடலும் வெளுத்துவிடுமோ என்று பயந்து அவற்றுக்கே ஒளியை அளந்து கேமராவை அமைத்தேன். திரையில் நீலம் அள்ளிக்கொண்டு போயிற்று. எட்டிப் பார்த்த ஒரு மூதாட்டி, "கடல் நன்றாக வந்திருக்கிறது, எங்களைத்தான் காணோம்" என்றார். கறுத்த முகங்கள் வெறும் நிழல்களாக நின்றன. கருவியில் பிழை இல்லை. யாருக்கு ஒளியை அளப்பது என்று தீர்மானித்தவள் நான். ஒளிப்பதிவாளரின் வேலை அந்தத் தீர்மானம்தான். அதற்குத் தோள் வேண்டியதில்லை. அந்த முகங்களை அறிந்த கண் வேண்டும். உன்னிடம் அது இருக்கிறது.

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவுப் படிப்பு உண்டு, விசாரித்துப் பார். படித்தபின் சில ஆண்டுகள் உதவியாளராக இருக்க வேண்டிவரும். தொடர்களில் வேலை கிடைத்தால் தட்டிக்கழிக்காதே. ஒரே நாளில் பல காட்சிகளுக்கு ஒளியமைக்கும் வேகம் அங்கேதான் கைவரும்.

அதற்குமுன் ஒன்று செய். அம்மா கரையேறும் நேரத்தில் கைபேசியோடு போய் நில். திரையில் அவர் முகத்தின்மேல் விரலை அழுத்தி, ஒளியை அங்கேயே நிறுத்து. பின்னால் கடல் வெளுத்துப் போனால் போகட்டும். படத்தை முதலில் அம்மாவிடம் காட்டு. பிறகு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா