ஆகஸ்ட் 9: தேசிய தினம் தவிர அதே தேதியில் வேறு என்ன நடந்தது?

சிங்கப்பூரின் தேசிய தினமான ஆகஸ்ட் 9-இல் வேறு என்ன நடந்தது என்று பள்ளியில் படிக்கும் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி.

1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது எல்லாருக்கும் தெரியும். 1942-இல் இதே தேதி விடியற்காலையில் பம்பாயில் காந்தியைக் கைது செய்தார்கள். 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் முந்தைய இரவுதான் நிறைவேறியிருந்தது. அப்போது சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தது, பெயர்கூட சியோனான்.

அப்புறம் 1945. அன்று காலை 11:02-க்கு நாகசாகியில் அணுகுண்டு வெடித்தது. முதல் இலக்கு கொக்குரா நகரம். அங்கே மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. ஒரு நாளின் வானிலை இத்தனை உயிர்களைத் தீர்மானித்தது என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. ஆறு நாளில் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. சிங்கப்பூரில் சரண் ஒப்பந்தம் செப்டம்பர் 12 அன்று நகராட்சிக் கட்டடத்தில் கையெழுத்தானது. பின்னாளில் நகர மண்டபம் ஆனதும், இன்று தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதியாக இருப்பதும் அந்தக் கட்டடமே.

1966-இல் முதல் தேசிய தின அணிவகுப்பு அதன் எதிரே, பாடாங் திடலில் நடந்தது. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் மகளை அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு ஒருமுறை கூட்டிப்போய் இந்த மூன்று வருடங்களையும் சொல்லுங்கள்.