கச்சேரி மேடையை விட்டுவிட்டுப் பியானோ ஆசிரியர் ஆவது தோல்வியா?

மேடை வாய்ப்புகள் நின்றுபோய், வீட்டில் வகுப்பெடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றும், உறவினர் யாரோ உங்கள் மனம் நோகும்படி பேசிவிட்டார் என்றும் ஊகிக்கிறேன். என் பெரியப்பா ஒரு திருமண வரவேற்பில் என்னை, "முன்பு மேடையில் வாசித்தவள், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பொழுதைப் போக்குகிறாள்" என்று அறிமுகப்படுத்தியது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அகதே பாக்கர் கிரெண்டால் என்ற நார்வே பியானோ கலைஞரின் வாழ்க்கையை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். 1847 இல் ஹோல்மெஸ்ட்ராண்ட் என்ற சிற்றூரில் பிறந்த அவர், அக்காலத்தின் பெயர்பெற்ற பியானோ மேதைகளான குல்லாக்கிடம் பெர்லினிலும், ஹான்ஸ் வான் பியூலோவிடம் 1871 இல் இத்தாலியின் புளோரன்சிலும், லிஸ்டிடம் 1873 இல் ஜெர்மனியின் வைமரிலும் பயின்றவர். 1868 இல் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், அவர் மேடையேறியபோது இசைக்குழுவை நடத்தியவர் நார்வேயின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் கிரீக். பின்னாளில் லண்டனில் அவர் வாசித்ததைக் கேட்ட, இசை விமர்சகராகவும் இருந்த எழுத்தாளர் பெர்னார்ட் ஷா அந்த நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ கலைஞர்களுள் ஒருவராக அவரைப் பாராட்டினார். கச்சேரிகளுக்கும் குடும்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 பாடல்களையும் பியானோத் துண்டுகளையும் இயற்றினார். செவித்திறன் மெல்ல மெல்லக் குன்றியது. 1901 இல் சுவீடனிலும் பின்லாந்திலும் கடைசியாக வாசித்துவிட்டு, 1907 இல் இறக்கும் வரை கற்பித்தார்.

காது கேளாததால் வேறு வழியின்றித்தானே கற்பித்தார் என்று சிலர் வாதிடக்கூடும். மேடையைவிட்டு அவரை விலக்கியது செவிக்குறைதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையில் புகழோடு இருந்த காலத்திலேயே அவரிடம் மாணவர்கள் நாடி வந்தார்கள். அவருடைய மகன் பிரித்யோப் கச்சேரிக் கலைஞராகவும் ஆசிரியராகவும் விளங்கி, தாயின் படைப்புகளைப் பிரிட்டனில் வாசித்துப் பரப்பினார் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

என் மாணவி ஒருத்தி கிரெண்டாலின் ஓபஸ் 15 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) இலுள்ள செரினேடு என்ற மென்மையான துண்டை வாசித்தபோது, சுரக்கோவை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு, மாறிய பிறகும் ஒலியை நீட்டிக்கும் பெடலிலிருந்து காலை எடுக்காமல் இருந்ததால், பழைய கீழ்ச்சுரங்கள் புதியவற்றோடு கலந்து ஒலி குழம்பியது. நான் விரல்களைத் திருத்தவில்லை. இடது கையை மட்டும், பெடலே இல்லாமல், மிக மெதுவாக வாசிக்கச் சொன்னேன். பிறகு பெடலோடு வாசித்தவள், குழம்பிய இடத்தில் தானாகவே நிறுத்திக் காலை மாற்றிக்கொண்டாள். அவளுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க என் மேடை அனுபவம் முழுவதும் தேவைப்பட்டது. இதைப் பொழுதுபோக்கு என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள். அடுத்த மாதம் அவளுக்கு கிரெண்டாலின் ஓபஸ் 11 இன் கச்சேரி எட்யூடுகளை, அதாவது மேடையில் வாசிக்கத்தக்க பயிற்சித் துண்டுகளை, தொடங்குகிறேன்.