பீஸ் ரேட் கூலியும் டேப்லெட்டும்: கற்கும் நாட்களின் இழப்பு யாருடையது?

கேள்வி: திருப்பூரில் 42 பேர் வேலை செய்யும் பனியன் தையல் நிறுவனம் நடத்துகிறேன். முடித்த உருப்படிகளை நோட்டில் எழுதுவதற்குப் பதிலாகத் தையல் மேசையிலேயே பதிய, டேப்லெட்டும் மென்பொருளும் வாங்கினேன். மூன்று மாதமாகியும் பாதிப் பேர் அதைத் தொடுவதில்லை; "சாஃப்ட்வேர் சரியில்லைக்கா" என்கிறார்கள். டைலர்களுக்குப் பீஸ் ரேட்டில்தான், அதாவது முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. காது கேளாதவர்கள் இருவரும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் மூத்த பெண்கள் சிலரும் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு இதை நடைமுறைக்குக் கொண்டுவர வழி உண்டா?

பதில்: உண்டு. தங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்திருக்கும் "பீஸ் ரேட்" என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

பாகிஸ்தானின் சியால்கோட் நகரில் கால்பந்து செய்யும் நிறுவனங்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. பந்துக்கான ஐங்கோணத் துண்டுகளை ரெக்சினிலிருந்து வெட்டும்போது வீணாகும் துணுக்குகளைக் குறைக்க, ஒரே அடியில் நான்கு துண்டு வெட்டும் அச்சு ஒன்றை ஆய்வாளர்கள் உருவாக்கி, சில நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். 15 மாதம் கழித்துப் பார்த்தால், மிகச் சிலரே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். புது அச்சு கைக்குப் பழகும்வரை வேகம் குறையும்; வெட்டுபவருக்கோ துண்டுக் கணக்கில் கூலி; மிச்சமாகும் ரெக்சினால் வரும் லாபம் முதலாளிக்கு. ஆகவே அச்சு சரிவராது என்றே தொழிலாளர்கள் முதலாளிகளிடம் சொல்லியிருக்கிறார்கள். பிறகு, அச்சைப் பெற்ற நிறுவனங்களில் ஒரு பகுதியில், வெட்டுபவர் ஒருவருக்கும் துண்டுகளில் சின்னம் அச்சடிப்பவர் ஒருவருக்கும், முதலாளி முன்னிலையில் புது முறையைச் செய்து காட்டினால் ஏறக்குறைய ஒரு மாத வருமானம் தருவதாக அறிவித்தபோது, பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவு கூடியது.

தங்கள் தையல் தளத்திலும் இதே கணக்குதான் ஓடுகிறது என்று கருதுகிறேன். ஒரு டைலர் ஒரு கட்டுத் துணியைத் தைத்து முடித்ததும் மிதியிலிருந்து காலை எடுத்து, பஞ்சுத் தூசி படிந்த விரலைத் துடைத்து, திரையைத் தொட்டுப் பதிய 20 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 40 கட்டு என்றால் 13 நிமிடத்துக்கு மேல் போகிறது. அந்த 13 நிமிடத்துக்குத் தாங்கள் இதுவரை கூலி தரவில்லை. எனவே, முதல் ஆறு வாரங்களுக்காவது, ஒவ்வொருவருக்கும் முந்தைய மூன்று மாதச் சராசரி வருமானத்துக்குக் குறையாமல் கூலி உறுதி என்று எழுத்தில் அறிவியுங்கள். பயிற்சி வகுப்பு அதற்குப் பிறகு வரட்டும். தொழில்நுட்ப ஏற்பு குறித்து ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் வெளியிட்ட ஆய்விலும், ஒரு கருவி எளிதாக இருக்கிறதா என்பதைவிடத் தமக்குப் பயன்படுகிறதா என்ற எண்ணமே அதன் பயன்பாட்டோடு வலுவாகப் பிணைந்திருந்தது.

டைலருக்கு இதில் என்ன பயன் இருக்க முடியும்? நான் பார்த்த ஒரு தளத்தில் மூத்த பெண் ஒருவர் டேப்லெட்டில் பதிந்துவிட்டு, மேசை ஓரத்தில் தையல் சாக்பீஸால் கட்டுக்கு ஒரு கோடும் போட்டுக்கொண்டிருந்தார். கோடு அவருடையது, டேப்லெட் கம்பெனியுடையது. தங்களிடமும் யாராவது அப்படிக் கோடு போட்டால் அழிக்கச் சொல்லாதீர்கள். மாலையில் இரண்டையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கூலி தாருங்கள். அன்றைய கூலித் தொகை அவரவர் திரையில் பெரிய எண்ணாகத் தெரியட்டும். சனிக்கிழமை சம்பளக் கணக்கில் சண்டை குறைவதைக் கண்டால் அவர்களே டேப்லெட்டைக் கேட்பார்கள்.

காது கேளாத இருவரையும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களையும் கடைசியில் சேர்க்கலாம் என்று நினைக்கத் தோன்றும். அவர்களிடமிருந்தே தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அவர்களுக்குப் புரியும் திரை எல்லோருக்கும் புரியும். எல்லோருக்குமென்று செய்து முடித்த திரையைப் பின்னால் அவர்களுக்காகத் திருத்துவது செலவு. எச்சரிக்கை ஒலி இருக்கும் இடத்திலெல்லாம் கண்ணில் படும் விளக்கும் வேண்டும். சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பாமல் வடிவத்தையும் மாற்றுங்கள், ஏனெனில் நிறக்குறைபாடு உள்ளவர்களும் இருக்கக்கூடும். கழுத்துப்பட்டி, கை, அடிமடிப்பு போன்றவற்றுக்குப் படமும், அவர்கள் வாயில் வழங்கும் பெயரும் போதும். பயிற்சி நாளில் இந்தியச் சைகை மொழி தெரிந்த ஒருவரை அழைத்து வாருங்கள். உடன் வேலை செய்பவர் குத்துமதிப்பாகச் சைகை காட்டுவது கூலிக் கணக்கை விளக்கப் போதாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிடச் சொல்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனம் அதில் செய்துதரும் வசதிகளையும் குறிப்பிட வேண்டும். மேற்சொன்ன திரை மாற்றங்களை அதிலேயே எழுதிவிடலாம்.

ஒரேயடியாக 42 பேரிடமும் கொண்டுபோக வேண்டாம். ஒரு லைனில், அதாவது ஒரு தையல் வரிசையில் மட்டும், மற்றவர்கள் மதிக்கும் டைலர் ஒருவரை வைத்துத் தொடங்கி, அவர் சொல்லும் குறையைத் திருத்திய பிறகு அடுத்த லைனுக்குச் செல்லுங்கள். மென்பொருள் கொடுத்தவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: இயந்திரம் நின்றிருக்கும் நேரத்தை ஆள்வாரியாக அது கணக்கெடுக்கிறதா? கணக்கெடுத்தால் அந்த வசதியை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நாளிலோ கர்ப்ப காலத்திலோ கழிப்பறைக்குக் கூடுதலாக இருமுறை எழுந்து செல்லும் பெண்ணின் பெயருக்கு எதிரே அந்த நிமிடங்கள் சிவப்பில் தெரிந்தால், மறுநாள் டேப்லெட்டை அணைத்து வைக்கும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.