பில் இல்லாமல் வாங்கிய ஒயர் உருகிவிட்டது, வழக்குப் போடலாமா?

கேள்வி: புது வீட்டுக்கு ஒயர், சுவிட்ச், எல்இடி விளக்கு எல்லாம் நகரத்தில் ஒரு மொத்தக் கடையில் வாங்கினேன். பில்லுக்குப் பதில் ‘எஸ்டிமேட்’ என்று ஒரு துண்டுச் சீட்டுதான் தந்தார்கள். பணம் யுபிஐயில் கட்டினேன். சில மாதங்களிலேயே ஏசி லைன் ஒயர் உருகிவிட்டது. “விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, பில்லும் இல்லையே” என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?

பதில்: அந்த லைனை அணைத்துவிடுங்கள். ஒயரை மாற்றுவதும் சரிதான், ஆனால் கழற்றியதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வழக்கே அந்த ஒயரில்தான் இருக்கிறது.

பில் இல்லாததற்கு நீங்கள் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. துண்டுச் சீட்டும் யுபிஐ பதிவும் சேர்ந்தால் விற்பனையை நிரூபித்துவிடலாம். வரி மிச்சம் என்று நீங்களே பில் வேண்டாம் என்றிருந்தால், அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு எப்படியும் கிளப்பும்.

உண்மையான சண்டை வேறு இடத்தில் வரும். “ஏசிக்கு மெல்லிசு ஒயர் போட்டது எலக்ட்ரீஷியன் தப்பு” என்பார்கள். அதனால் கழற்றும் முன்பே, இந்த வேலையில் சம்பந்தப்படாத, உரிமம் பெற்ற ஒரு எலக்ட்ரீஷியனிடம் லோடு எவ்வளவு, ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், எம்சிபி (மின்சாரம் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) எத்தனை ஆம்பியர் என்று எழுதி வாங்குங்கள். போட்டோவும் எடுங்கள். பயன்படுத்தாத ஒயர் சுருள் மீதமிருந்தால் அட்டைப்பெட்டியோடு வையுங்கள். அதே சட்டத்தின் பிரிவு 38-இன்படி நுகர்வோர் ஆணையம் மாதிரியை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஒருவேளை ஒயர் அளவுதான் தவறு என்று தெரிந்தால், கடையை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியன் மீது சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடுங்கள்.

அப்புறம் ஐஎஸ்ஐ. வீட்டு பிவிசி ஒயருக்கு அது கட்டாயம். முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் எண்ணை (உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். எல்இடி பல்புக்கு ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண். போலி என்றால் பிஐஎஸ்-இடம் தனிப் புகார் கொடுக்கலாம், அது குற்ற வழக்காகும்.

வழக்கில் கடை, தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால் பிரிவு 86-இன்படி விற்றவரே பொறுப்பாகலாம். 15 நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள், சில கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுக்குள் மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.