கப்பல்ல இருந்து பாக்குற ஐஸை வச்சு என்ன சொல்ல முடியும்?

கேள்வி: ஆகஸ்ட்ல ஸ்வால்பார்டுக்கு (ஆர்க்டிக் கடல்ல இருக்குற நார்வேயோட தீவுக்கூட்டம்) வடக்கே போற கப்பல்ல போறேன். ஐஸ் ஆரம்பிக்கிற இடத்தைக் குறிச்சு, பழைய கப்பல் பதிவுகளோட ஒப்பிட்டா எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு தெரியுமா?

பதில்: ஒரு பயணத்தை மட்டும் வச்சு சொல்ல முடியாதுங்க. அந்தப் பக்கம் ஐஸ் விளிம்பு காத்தடிக்கிற திசையைப் பொறுத்து ரெண்டு மூணு நாள்லயே பல கிலோமீட்டர் நகரும், நீங்க போற வாரம் வடக்கத்திக் காத்து அடிச்சா ஐஸ் நிறைய இருக்குற மாதிரிதான் தெரியும்.

பழைய பதிவுகள் பெரிய பொக்கிஷம், அதுல சந்தேகமே இல்ல. டென்மார்க் வானிலை நிறுவனம் 1893ல இருந்து 1956 வரைக்கும் ஐஸ் வரைபடங்கள் போட்டது, பெரும்பாலும் கப்பல்காரங்க அனுப்பின தகவலை வச்சுதான். ஆனா அந்தக் காலத்து கப்பல் விளிம்பைப் பாத்ததும் ஒதுங்கிடும், அதனால விளிம்பை நம்பலாம், உள்ள இருக்குறது பாதி ஊகம். இப்போ ஐஸ்பிரேக்கர், அதாவது ஐஸை உடைச்சுட்டுப் போற கப்பல், உள்ளயே போகுது, ஆனா அதுவும் லேசான ஐஸா, விரிசலா பாத்துதான் போகும், அதுல இருந்து பாத்தா ஐஸ் நிஜத்தை விட கம்மியாத் தெரியும். இத ரெண்டையும் அப்படியே பக்கத்துல வச்சா தப்பான முடிவுதான் வரும்.

ஆர்க்டிக் கடல் ஐஸோட மொத்தப் பரப்பு தெரியணும்னா சாட்டிலைட்தான். 1979 செப்டம்பர்ல கிட்டத்தட்ட 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது, 2012ல சுமார் 34 லட்சத்துக்கு இறங்கிச்சு, அதுக்கப்புறம் ஏறி இறங்கினாலும் பழைய அளவுக்குத் திரும்பவே இல்ல. ஆனா கோடையில ஐஸ் மேல உருகின தண்ணி குட்டை குட்டையா நிக்கும், மைக்ரோவேவ் சாட்டிலைட் அதையும் கடல்னு கணக்குல எடுத்துக்கும், அதைப் பிரிச்சுச் சொல்ல கப்பல்ல இருக்குற ஒரு மனுஷக் கண்ணு வேணும். உங்க குறிப்புக்கு மதிப்பு அங்கதான்!

அதனால மணிக்கு ஒரு தடவை மேல்தளத்துல நின்னு, சுத்தி ஒரு கடல் மைலுக்குள்ள பத்துல எத்தனை பங்கு ஐஸ், அதுல எவ்வளவு குட்டை, துண்டுங்க எவ்வளவு பெருசுன்னு எழுதுங்க. கப்பல் ஐஸை உடைக்கும்போது பக்கவாட்டுல புரளுற துண்டுல தடிமன் தெரியும், அளவு போட்ட கம்பு ஒண்ணைத் தொங்கவிட கேப்டன் சம்மதிச்சா இன்னும் நல்லது. நேரத்தை யுடிசில (உலகப் பொது நேரம்) போடுங்க, அட்சரேகை தீர்க்கரேகை விடாதீங்க. முக்கியமா ஐஸே இல்லாத மணி நேரத்துக்கும் பூஜ்யம்னு எழுதணும், வெறுமனே விட்டா யாரும் பாக்கலையா, ஐஸ் இல்லையான்னு பின்னாடி படிக்கிறவங்களுக்குத் தெரியாது.