சின்னம்மாவின் முகத்துக்காக

கேள்வி: வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். நுண்கடன் எடுத்துக் கஷ்டப்படும் பெண்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் கைகொடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அவர்களுடைய வட்ஸ்அப் குழு ஒன்றில் மூன்று மாதமாக இருக்கிறேன். சின்னம்மா சேர்த்துவிட்டார், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 140 ஸ்கிரீன்ஷொட் எடுத்து லெப்டொப்பில் ‘சின்னம்மா குரூப்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். பெயர்களை மாற்றித்தான் எழுதுவேன். ஆனாலும் மேற்பார்வையாளர் சம்மதம் வாங்கச் சொல்கிறார். கேட்டால் என்னை வெளியே போட்டுவிடுவார்கள். படிப்புக்குத்தானே, கேட்கத்தான் வேண்டுமா?

பதில்: “அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.” உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி இதுதான். ஏன் கேட்கவில்லை, மகள்? உங்களை அங்கே யாருக்குத் தெரியும்? சின்னம்மாவின் முகத்துக்காக விட்டார்கள். கலியாண வீடு, செத்த வீடு என்று எத்தனை வருஷம் ஓடி ஓடிச் சம்பாதித்த முகம் அது! லோன்காரர் வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்ததைக்கூட அந்தப் பெண்கள் எழுதியிருப்பார்கள், இங்கே இருப்பவர்கள் எல்லாரும் தங்களைப் போன்றவர்கள் என்று எண்ணி. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் கொழும்புக்கு வேலை தேடிப் போவீர்கள். அவர்களோடு கோயில் வாசலில் நின்று முகம் பார்த்துப் பேச வேண்டியவர் சின்னம்மா. அவரிடமாவது எதற்காகச் சேருகிறேன் என்று சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவரின் உறவைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் வீட்டுக்குள் போவது உங்களோடு தொடங்கியதல்ல. கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் பிரசார நிறுவனத்தின் விவகாரத்தில், பேஸ்புக்கில் ஆட்களின் விவரங்களைத் திரட்டிய ஒரு செயலியைப் போட்டுக்கொண்டவர்கள் ஏறக்குறைய 270,000 பேர்தான். அவர்களுடைய நண்பர்கள் என்ற வழியில் 87 மில்லியன் பேர் வரையில் விவரங்கள் அந்த நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்று 2018இல் பேஸ்புக்கே சொன்னது. அந்த நண்பர்களிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செயலியைச் செய்தவர் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர். படிப்புக்குத்தான் என்று அங்கேயும் சொல்லப்பட்டது.

பெயரை மாற்றுவீர்களாம். சரி, மாற்றுங்கள். ‘43 வயது, கணவர் இல்லை, மூன்று பெண்பிள்ளைகள், படுவான்கரை, தையல்’ என்று எழுதினால் ஆட்டோக்காரரே அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். என்ன குடி, அதாவது எந்தத் தாய்வழிக் குலம், என்று விசாரித்தே ஆளைக் கண்டுபிடிக்கிற ஊர் இது. 2008இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மாணவர்களின் பேஸ்புக் விவரங்களை ஆய்வாளர்கள் பெயர் நீக்கி வெளியிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையும் மறைத்தார்கள். அங்கே என்னென்ன பாடங்கள் இருந்தன என்பது போன்ற விவரங்களை வைத்தே அது ஹார்வர்ட் என்று சீக்கிரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் ஸ்கிரீன்ஷொட்டில் அவ்வளவு சிரமமும் தேவையில்லை. போன் நம்பரும் படமும் மேலேயே இருக்கும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் சின்னம்மாவின் ஊர், தொழில், அவர் கட்ட வேண்டிய பாக்கி எல்லாம் இருந்தன. நான்தான் வெட்டினேன். ஒரு பத்திரிகைக்கு அதையெல்லாம் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சமூக ஊடகத்தை வைத்து ஆய்வே கூடாது என்று சொல்பவள் அல்ல நான். இரவு பதினொரு மணிக்கு ஒருத்தி “நாளைக்குக் கட்டக் காசில்லை” என்று எழுத, இன்னொருத்தி “காலையில் வா” என்பதை எந்த வினாக்கொத்தும் பிடிக்காது. ஆனால் அது அடைத்த வீட்டுக்குள் நடக்கிற பேச்சு. எல்லாருக்கும் திறந்த பேஸ்புக் பக்கத்தில் கிடப்பதைக்கூடச் சொல்லுக்குச் சொல் எடுத்துப் போடாதீர்கள். அந்த வரியைக் கூகுளில் போட்டால் எழுதியவரே வந்து நிற்கலாம். கருத்தை உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

மேற்பார்வையாளர் சொல்வது சரி. ஆனால் முதலில் போக வேண்டியது சின்னம்மாவிடம். போனில் சொல்லாமல் நேரில் போங்கள். அவர் ஏசினால் கேட்டுக்கொண்டிருங்கள், அது அவருடைய உரிமை. அவர் சம்மதித்தால் குழுவை நடத்துபவரிடம் பேசி, நீங்கள் யார், என்ன எழுதுகிறீர்கள் என்று குழுவிலேயே போடுங்கள். வெளியே போட்டால் போடட்டும். முகம் கொடுத்துப் பேச விரும்பும் ஐந்தாறு பேர் கிடைப்பார்கள், அவர்களை வைத்தே எழுதலாம். சம்மதம் தராதவர்களுடைய படங்களை அழியுங்கள். போனில் அழித்தவை குப்பைத்தொட்டியில் கிடக்கும், கூகுள் போட்டோஸிலும் தானாக ஏறியிருக்கலாம். இரண்டையும் பாருங்கள்.

அது வரைக்கும், அந்த போல்டரின் பெயரையாவது இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.