வரலாறு, நாவல், த்ரில்லர், சுயசரிதை எல்லாம் கலந்து படிப்பது நேர விரயமா?

கேள்வி: கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். வரலாறு, நாவல், துப்பறியும் கதை, சுயசரிதை என்று கணக்கே இல்லை. ஒரு துறையைப் பிடித்து ஆழமாகப் படி, மற்றதெல்லாம் நேர விரயம் என்கிறார்கள். உண்மையா?

பதில்:

விரயம் இல்லை. உங்களிடம் அதைச் சொன்னவர் யார் என்று தெரியாது. எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். கையில் வரலாற்றுப் புத்தகம் இருந்தால் வீட்டில் காபி வரும், துப்பறியும் நாவல் இருந்தால் முறைப்பு வரும். அப்படித்தானே?

நான் பேராசிரியரோ எழுத்தாளரோ இல்லை. வீடு தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையில். வேலை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில், ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுவது. வாரம் முழுக்க அங்கே அறை, வாரக் கடைசியில் ஊர். சாயங்காலம் கடை அடைத்தபிறகு படிப்பதும் ரயிலில் படிப்பதும்தான் என் படிப்பு. தென்காசியில் ஒரு புத்தகக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது மேடையில் இருந்தவர், மாத நாவல் படிக்கிறவர்களை வாசகர் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது என்றார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்டது.

நான் மலையாளம் படிக்கக் கற்றதே துப்பறியும் கதையால்தான். புனலூருக்கு வந்த புதிதில் பஸ் போர்டைத் தவிர வேறெதுவும் வாசிக்க வராது. அறையில் கூட இருந்தவர் கோட்டயம் புஷ்பநாத்தின் பழைய தொடர்கதைகளைக் கிழிசல் கிழிசலாகச் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய துப்பறிவாளர் 'டிடெக்டிவ் மார்க்சின்' அடுத்து என்ன செய்தார் என்று தெரிந்தாகவேண்டும், சொல்லித்தர ஆள் இல்லை. எழுத்துக் கூட்டி ஆரம்பித்து, கதையின் வேகத்தில் கை பிடித்துவிட்டது. அந்த எழுத்தை வைத்துக்கொண்டுதான் பிறகு திருவிதாங்கூர் வரலாறும் மலையாளிகளின் தன்வரலாறுகளும் படித்தேன். இலக்கண நூலை எடுத்து உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

சரி, கலந்து படித்து என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தவர். இது பள்ளிப் பாடம். அண்ணன் மகன் திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறான். போன வருஷம் குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு செய்தியைத் தள்ளிவிட்டார்கள். தாழ்த்தப்பட்ட பெண் ஒருத்தி பிரசவ வேதனையில் இருந்தபோது ஆஷ் அவளை அக்கிரகாரத் தெரு வழியே வண்டியில் ஏற்றிப் போனார், அதற்காகத்தான் கொன்றார்கள் என்று. குழுவில் பாதிப் பேர் கொதித்தார்கள், மீதிப் பேர் ஆமோதித்துக் கை தூக்கினார்கள். பையன் எனக்குத் தனியாகப் போன் செய்து, "சித்தப்பா, நீங்கதான் எல்லாம் படிக்கிறீங்களே, இது நிஜமா?" என்றான்.

ஒரே வகையை மட்டும் படித்திருந்தால் அன்றைக்கு நானும் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்து கத்தியிருப்பேன்.

முதலில் வரலாறு. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனி, 1908-இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலை வேலைநிறுத்தம், அந்த மார்ச்சில் அவர் கைதானதும் திருநெல்வேலியில் எழுந்த கலவரம், அதில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து இவற்றையெல்லாம் எதிர்கொண்டவர் ஆஷ். கோபத்துக்குத் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது. பையன் அனுப்பிய கதையில் இரண்டும் இல்லை. நான் படித்தவற்றில் அந்தக் காலத்துச் சான்று எதிலும் அந்தச் சம்பவத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது, அதையும் அவனிடம் மறைக்கவில்லை. வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்தைப் பற்றிப் பேசுகிறது. மன்னர் ஜார்ஜை மாட்டிறைச்சி தின்கிற மிலேச்சன் என்று ஏசுகிறது. அவரைக் கொல்ல 3000 பேர் சபதம் எடுத்திருப்பதாகச் சொல்கிறது. நாட்டு விடுதலையும் அந்த மொழியும் ஒரே தாளில் இருக்கின்றன. ஒன்றை மடித்து மறைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் படிக்க முடியாது.

என் சாதி என்ன என்று என் பழைய பதில்களைத் தோண்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆஷ் நல்லவர் என்று நான் எழுதவில்லை. வாஞ்சி கெட்டவர் என்றும் எழுதவில்லை. செங்கோட்டையில் அவர் சிலையைத் தாண்டிப் போகும்போது இன்றைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

அடுத்தது சுயசரிதை. வ.உ.சி. தன் வாழ்க்கையைச் செய்யுளில் எழுதினார். 1936-இல் அவர் இறந்து பத்து ஆண்டு கழித்துத்தான் அது நூலாக வந்தது. ஆஷ் சுடப்பட்டபோது அவர் கண்ணூர் சிறையில் இருந்தார், இன்றைய கேரளத்தில். ஒருவர் வந்து செய்தி சொல்கிறார். ஆஷைத் தெரியுமா என்று கேட்க, நன்றாகத் தெரியும், என் கப்பல் கம்பெனி போனதற்கும் நான் இங்கே கிடப்பதற்கும் காரணம் அவர்தான் என்கிறார். சொன்னது நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்கிறார். எந்த வரலாற்றாசிரியராலும் அந்த அறைக்குள் போயிருக்க முடியாது. இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைந்து, கோவைச் சிறையில் செக்கிழுத்த மனிதரின் மனசு அது. நாம் விரும்புகிற மாதிரி பெருந்தன்மையாகப் பேசவில்லை. அதனால்தான் அதை நம்புகிறேன்.

இப்போது த்ரில்லர். சிரிக்கவேண்டாம், எனக்கு அதிகம் உதவியது இதுதான். துப்பறியும் கதை படித்துப் பழகியவனுக்கு முதலில் வரும் கேள்வி, ஏன் இந்த இடம்? திருநெல்வேலியில் சுட்டிருக்கலாமே, ஏன் மணியாச்சி? ஆஷும் அவர் மனைவி மேரியும் கொடைக்கானலுக்குக் குழந்தைகளைப் பார்க்கப் புறப்பட்டவர்கள். மணியாச்சியில் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக, அதாவது இலங்கைக் கப்பல் பயணிகளுக்கான ரயிலுக்காக, இவர்கள் ரயில் காத்து நிற்கும். அந்த இடைவெளியில் முதல் வகுப்புப் பெட்டியில் இருவரும் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். கால அட்டவணை தெரிந்தவன் தேர்ந்தெடுத்த இடம் அது. அடுத்த கேள்வி, கூட யார்? வாஞ்சியோடு வந்து தப்பி ஓடிய ஒருவர் இருந்தார். வழக்கில் பதினான்கு பேர் மாட்டினார்கள், நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு சிறை. ஒற்றை ஆளின் ஆவேசமாகப் பள்ளியில் படித்தது, இப்படிக் கேட்க ஆரம்பித்ததும் திட்டமிட்ட வேலையாகத் தெரிந்தது. அப்புறம்தான் அந்த வழக்கைத் தேடிப் போனேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் அதைக் கேட்ட நீதிபதிகளில் ஒருவர் சேட்டூர் சங்கரன் நாயர், பாலக்காட்டுப் பக்கத்து மங்கரைக்காரர். 1897-இல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு வைஸ்ராய் சபையிலிருந்து ராஜினாமா செய்தவர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் நின்ற வக்கீல்களில் ஒருவர் பிரகாசம், 1953-இல் ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சர் ஆனாரே, அவர்தான். இரண்டு பேருமே தன்வரலாறு எழுதியிருக்கிறார்கள். பாருங்கள், மறுபடி சுயசரிதைக்கு வந்துவிட்டோம். ஒரு வகை இன்னொரு வகைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். பட்டியல் போட்டுப் படித்தால் இந்த வழி தெரியாது.

நாவல் என்ன கொடுத்தது? அதை விளக்குவது கஷ்டம். வாஞ்சிக்கு இருபத்தைந்து வயது, மனைவி பெயர் பொன்னம்மாள். வரலாற்றில் அவளுக்கு ஒரு வரி. மேரி ஆஷ் அந்தப் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தவள். அவளுக்கும் ஏறக்குறைய ஒரு வரிதான். நல்ல நாவல்களில் ஊறியவனுக்கு அந்த ஒரு வரியில் நின்றுவிடத் தோன்றும். செய்தி செங்கோட்டைக்கு எப்படி வந்தது, யார் வந்து சொன்னார்கள், போலீஸ் வீடு வீடாகத் தேடியபோது அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருந்தாள்? பதில் கிடைக்காவிட்டாலும் இந்தக் கேள்விகள் மனசில் இருந்தால், குடும்பக் குழுவில் ஒரு மரணத்தை வைத்து அப்படிக் கத்தமாட்டோம்.

இன்னொரு விஷயம் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கே பலருக்குத் தெரியாது. 1911-இல் செங்கோட்டை தமிழ்நாடும் இல்லை, பிரிட்டிஷ் ஜில்லாவும் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பக்கம் சேர்ந்தது. வாஞ்சி வேலை பார்த்தது திருவிதாங்கூர் காட்டிலாகாவில், அதுவும் புனலூரில். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் ரயில் வந்தது 1904-இல். அப்படியானால் அவர் ஊருக்கு வந்துபோனது பெரும்பாலும் நான் போகிற இதே தடத்தில்தான் இருக்கவேண்டும். ஆரியங்காவுக் குகையும் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலமும் அவருக்கும் பழக்கமாகியிருக்கும். இதை நான் புனலூர்க் கடையில் சொன்னபோது, கூட வேலை செய்கிற மலையாளி அண்ணன், அப்படியானால் அவர் எங்கள் ஆளும்தான் என்றார். ஆமாம் என்றேன்.

ரயில் என்றதும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். 2010-இல் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். அகலப்பாதை முழுசாகத் திறக்க 2018 ஆகிவிட்டது. அத்தனை வருஷமும் மலைப்பாதை பஸ். வளைவில் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றும், படிப்பு அடியோடு போயிற்று. ரயில் திரும்ப வந்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. இப்போது என்னவென்றால், பெட்டி முழுக்க ஆளுக்கொரு போனில் சத்தமாக வீடியோ. காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஒயர் வாங்க முடியாதா? சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். குழந்தை தூங்குகிற பெட்டியிலும் அதே கூத்து.

நூலக விஷயத்திலும் எனக்கு மனக்குறை உண்டு. 1945-இல் பி.என். பணிக்கர் முயற்சியில் 47 சிறிய நூலகங்கள் சேர்ந்து திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் ஆரம்பித்தார்கள். அவர் இறந்த ஜூன் 19-ஐ இன்றும் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த வழியில் வந்த சிறிய வாசகசாலை ஒன்றில்தான் என் மாலை நேரங்கள் போகின்றன. ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். வேலை முடிந்து வருகிறவனுக்காகச் சாயங்காலம் திறந்திருக்கும். நம் பக்கமோ 1948-லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறேன். ஆனால் நான் போகிற நூலகம் ஒன்றில் புதுப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் மாதக்கணக்கில் கிடக்கின்றன. கேட்டால், இன்னும் பதிவு போடவில்லை என்கிறார்கள். அங்கே இருப்பவர்களைத் திட்டவில்லை, ஒரே ஆள் எத்தனை வேலை பார்ப்பார்? ஆனாலும் கட்டுக்குள் இருக்கும் புத்தகத்தின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வலி வலிதான்.

ஆழமாகப் படிப்பவர்களை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆவணக் காப்பகத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து அவர்கள் எடுத்துத் தராவிட்டால் எனக்குப் படிக்கவே ஒன்றும் கிடையாது. அது அவர்கள் தொழில். உங்களைத் திட்டுகிறவர்கள் அந்தத் தொழிலும் செய்வதில்லை, இப்படியும் படிப்பதில்லை. அவர்களிடம் வாதாட வேண்டாம். தேர்வு இருந்தால் அதற்கு உரிய நேரத்தைக் கொடுத்துவிடுங்கள், அதில் நான் குறுக்கே வரமாட்டேன். மீதி நேரம் உங்களுடையது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் ஊரில், அல்லது பக்கத்தில் நடந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு நான்கு வகையிலும் அதைச் சுற்றிப் படித்துப் பாருங்கள். பையனுக்கும் அதைத்தான் சொன்னேன். வ.உ.சி.யின் சுயசரிதையையும் ஆஷ் கொலை வழக்கு பற்றிய ஒரு ஆய்வு நூலையும் கொடுத்தனுப்பினேன். படித்தபிறகு குடும்பக் குழுவில் அவன் கடிதத்தைப் பற்றியும் கப்பல் கம்பெனியைப் பற்றியும் சேர்த்து எழுதினான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அவன்மேல் கோபப்பட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

உங்கள் ஊர் எது என்று எழுதவில்லை. கருத்தில் சொல்லுங்கள். குமுளி, கம்பம் பக்கம் என்றால் முல்லைப் பெரியாறு அணைக்கான 1886 ஒப்பந்தத்திலிருந்து தொடங்கலாம். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் என்றால் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டிலிருந்து. மலையாளம் வாசிக்க வராது என்றால், அதற்கு என்னிடம் இன்னும் அந்தக் கிழிசல் தொடர்கதைகள் இருக்கின்றன.